வாடகைப் பத்திரமும் வாய்மூடிக் கையொப்பமும்

புங்குடுதீவிலிருந்து வெளிநாடு புறப்படும் இளைஞனை வழியனுப்பும்போது வீட்டுப் பெரியவர்கள் கூறும் அறிவுரை ஒன்றுண்டு. "அங்கை எங்கட ஆக்கள் இருக்கினம், தம்பி. அவை ஒரு அறை பாத்துத் தருவினம். கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்திலை வைச்சுப்போட்டுப் பேசாமல் இரு. போன இடத்திலை வழக்குப் பேசக் கூடாது." அன்பிலிருந்து பிறக்கும் சொற்கள்தாம் இவை. ஆயினும், அந்நிய மண்ணிற் குடியேறும் உழைப்பாளிக்கு இதனினும் கேடு பயக்கும் உபதேசத்தை நாம் அறியோம். பயணச் செலவுக்காகக் காணியை ஈடு வைக்கத் துணிந்த பெற்றோர், மகன் அங்கு போய்ச் சேர்ந்ததும் முதன்முதலாகக் கைச்சாத்திடப் போகும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கும் என்று ஒரு கணமேனும் சிந்திப்பதில்லை. மாதந்தோறும் அவனது உழைப்பின் பெரும்பங்கை விழுங்கப் போவது அந்தப் பத்திரமே.

வாடகை எமது தீவுக்குப் புதிதன்று. மழையை நம்பிய மண்ணும் உவர்ந்துபோன கிணறுகளும் பெருகிய குடும்பங்களைத் தாங்க மறுத்தபோது எமது முன்னோர் கடல் தாண்டினர். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தனர். சிலர் மலாயா சென்றனர். கடையின் பின்னறையில் பாய் விரித்துப் படுத்து, ஊரிலே கல்வீடு எழுப்பினர். 1958இலும் 1977இலும் 1983இலும் இனவெறியர் வைத்த தீயில் அக்கடைகளிற் பல எரிந்தன. அதன்பின் பிரான்சும் சுவிற்சலாந்தும் பிரித்தானியாவும் கனடாவும் எம்மவரின் பட்டினங்களாயின. 1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தை வந்தடைந்தபோது எஞ்சியிருந்தோரிலும் பெரும்பாலார் வெளியேறினர். இன்று வாணர் பாலத்தைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைவரை செல்பவர், கூரை சரிந்த வீடுகளையும் மரம் வேரோடிய சுவர்களையும் பூட்டுத் துருப்பிடித்த கதவுகளையும் இருமருங்கும் காண்கின்றார். அவ்வீடுகளுக்கு உரியவர்கள் பாரிஸ் புறநகரில் ஓர் அறைக்குள் நால்வராய்ப் படுத்து வாடகை கட்டிக்கொண்டிருப்பர். சொந்த வீட்டில் ஆளில்லை. வாடகை அறையில் ஆளுக்கு இடமில்லை. எமது ஊரின் பொருளாதாரத்தை இதற்கு மேற் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

சொந்த நாட்டுக்குள்ளேயே அந்நியக் குடியிருப்பாளராய் நடத்தப்பட்ட அனுபவமும் எமக்குண்டு. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் அதிகாலையிற் கொழும்பு விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிசாரால் எழுப்பப்பட்டு, பேருந்துகளில் ஏற்றப்பட்டு, வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மருத்துவத்துக்காக வந்தவர், கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்தவர், தொழில் தேடி வந்தவர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. மறுநாள் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அவ்வெளியேற்றம் நின்றது. பிரதமர் மன்னிப்புக் கோரவும் நேர்ந்தது. நாள் வாடகையைத் தவறாது செலுத்தியிருந்தும் அந்த மக்களைக் காக்க அவர்களின் கையில் எந்தப் பத்திரமும் இருக்கவில்லை. அன்று அவர்களுக்குத் துணைநின்றது நீதிமன்றத்துக்குப் போன ஒரு மனுவே என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் தகும். 'வழக்குப் பேசக் கூடாது' என்போர் இதற்கு என்ன சமாதானம் கூறுவர்?

யாழ்ப்பாணத்தவர் பத்திரம் வாசிக்கத் தெரியாதவர் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. காணி உறுதியை எம்மவரைப் போல் உன்னிப்பாக வாசிப்போர் உலகிற் சிலரே. வடக்கெல்லை யாருடைய வளவு, கிழக்கெல்லை எந்த ஒழுங்கை, எத்தனை பரப்பு எத்தனை குழி, பிரிக்கப்படாத பங்கில் எட்டில் ஒன்றா பதினாறில் ஒன்றா என்பவற்றைப் பள்ளிக்கூட வாசலை மிதியாத மூதாட்டியும் மனப்பாடமாகச் சொல்வார். ஒரு முழம் வேலிக்காக மூன்று தலைமுறை மல்லாகம், ஊர்காவற்றுறை நீதிமன்றப் படிகளைத் தேய்த்த சமூகம் இது. இதே மனிதர், வாடகை ஒப்பந்தம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பம் வைப்பது ஏன்?

விடை எமது நிலவுடைமையின் வரலாற்றிற் கிடக்கின்றது. உறுதி என்பது உடையவனின் பத்திரம். ஆகவே அதைக் கற்றோம். வாடகைக்கும் தயவுக்கும் குடியிருப்பவனோ எமது கண்ணில் மனிதனிற் பாதியாகவே இருந்து வந்தான். தாழ்த்தப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக மேற்சாதி நிலவுடைமையாளரின் காணியிற் குடிசை போட்டு வாழ்ந்தனர். ஒரு துண்டுக் காகிதமும் அவர்களிடம் இருந்ததில்லை. தொண்டூழியத்துக்கு வர மறுத்த நாளிலே, கோயிலிலும் தேநீர்க் கடையிலும் சமவுரிமை கேட்ட நாளிலே, கிணற்றில் அள்ளும் உரிமையும் குடிசை நின்ற நிலமும் அவர்களிடமிருந்து பறிபோகக்கூடிய நிலை இருந்தது. 'வாய்ச்சொல்லே போதும், எங்களுக்குள் பத்திரம் எதற்கு?' என்ற பெருந்தன்மைப் பேச்சின் உட்பொருள் இதுதான். மலையகத்து லயன் அறையின் கதையும் வேறன்று. வேலை போனால் அறையும் போகும். காகிதமில்லாத குடியிருப்பு உடையவனுக்கு எவ்வளவு வசதியானது என்பதை இவர்கள் எமக்கு முன்னரே பட்டறிந்தவர்கள். இன்று பாரிஸிலும் ரொறன்ரோவிலும் எமது ஊர் 'நல்ல குடும்பத்துப்' பிள்ளைகள் அதே பாடத்தைக் காலந் தாழ்த்திப் படிக்கின்றனர்.

இலங்கைச் சட்டமும் இந்த அறியாமைக்கு ஓரளவு துணை போயிற்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிடின் வலுவற்றது. இதனால் எழுத்து என்பது நொத்தாரிசின் தொழில் என்றாயிற்று. அவர் ஒரே மூச்சில் வாசிப்பார், நாம் தலையசைப்போம், கை வைப்போம். நொத்தாரிசு இல்லாத நாட்டில் அந்த இடத்தை ஊர்க்காரத் தரகர் எடுத்துக்கொள்கின்றார்.

தமிழாசிரியர்களாகிய எமக்கு வாடகை ஒப்பந்தத்தை வாசிக்கும் வழியொன்று புலப்படுகின்றது. அது வேறொன்றுமில்லை, ஏழாம் வகுப்பு இலக்கணமே. எந்த மொழியில் எழுதப்பட்டிருப்பினும் ஒப்பந்தம் முழுவதும் மூன்று வினைமுடிபுகளால் ஆனது: 'வேண்டும்', 'கூடாது', 'லாம்'. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் யாரென்று கேட்க வேண்டும். 'வேண்டும்' அனைத்துக்கும் குடியிருப்பவர் எழுவாயாகவும், 'லாம்' அனைத்துக்கும் வீட்டுக்காரர் எழுவாயாகவும் அமைந்திருக்குமாயின், அந்தப் பத்திரம் எத்தகையதென்று சட்டத்தரணியிடம் போகாமலே தெரிந்துவிடும். இன்னும் ஆபத்தானது எழுவாய் மறைந்த செயப்பாட்டு வினை. 'பழுதுகள் திருத்தப்படும்' என்றிருக்கும். யாரால்? யார் செலவில்? எத்தனை நாளில்? 'பொருத்தமான முன்னறிவித்தலின் பின் வீடு பார்வையிடப்படும்.' எத்தனை மணி நேர முன்னறிவித்தல்? வீட்டுக்காரர் ஒளிந்திருக்கும் இடம் இந்தச் செயப்பாட்டு வினைதான். தோன்றா எழுவாயைத் தோன்றச் செய்யுங்கள் என்று கேட்பதே பேரம் பேசுதலின் தொடக்கம். அப்படிக் கேட்பதற்கு அழகான பிரெஞ்சோ ஆங்கிலமோ தேவையில்லை. ஒரு விரலால் வாக்கியத்தைக் காட்டி 'யார்?' என்று கேட்கத் தெரிந்தாற் போதும்.

பிரான்சை எடுத்துக்கொள்வோம். அங்கு வாடகைக் குடியிருப்பை ஆள்வது 1989 யூலை 6ஆம் திகதிய சட்டம். அச்சட்டத்திற் காணப்படும் ஒரு தொடரை எம்மவர் அனைவரும் நெஞ்சிற் பொறித்துக்கொள்ளலாம்: சட்டம் விலக்கிய நிபந்தனைகள் 'எழுதப்படாதனவாகக் கருதப்படும்.' நீங்கள் கையொப்பமிட்டிருந்தாலும் சரி, பக்கந்தோறும் பெயர்ச் சுருக்கம் வைத்திருந்தாலும் சரி, அந்த வரிகள் அங்கே இல்லை. வங்கியிலிருந்து தானாகக் கழியும் முறையில் மட்டுமே வாடகை செலுத்த வேண்டும் என்று வீட்டுக்காரர் எழுதினால் அது எழுதப்படாதது. விற்பதற்காகவோ வேறொருவருக்கு வாடகைக்கு விடுவதற்காகவோ வீட்டைக் காட்டவென்று, விடுமுறை நாளிலும், வேலைநாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று எழுதினால் அதுவும் எழுதப்படாதது. 'நான்தான் கையெழுத்து வைத்துவிட்டேனே' என்று தலைகுனியும் எமது இளைஞனுக்கு இந்த ஒரு செய்தி எத்துணை ஆறுதல்! ஆனால் அதை அவனுக்கு யார் சொன்னார்கள்?

தளபாடமற்ற வீடாயின் தனியாள் உரிமையாளர் மூன்றாண்டுக்குக் குறைந்த ஒப்பந்தம் எழுதுதல், சட்டம் குறித்த சில காரணங்கள் இருந்தாலன்றி, இயலாது. தளபாடத்துடன் கூடியதாயின் ஓராண்டு, மாணவருக்கு ஒன்பது மாதம். வைப்புப் பணமாக முன்னதற்கு ஒரு மாத வாடகையும் பின்னதற்கு இரண்டு மாத வாடகையுமே உச்சவரம்பு. குடியிருப்பவர் வெளியேற மூன்று மாத முன்னறிவித்தல் போதும். பாரிஸ் போன்ற நெருக்கடி வலயங்களிலும் தளபாட வீடுகளிலும் ஒரு மாதம். உரிமையாளரோ தளபாடமற்ற வீட்டிலிருந்து ஒருவரை எழுப்ப வேண்டின் ஒப்பந்தம் முடிய ஆறு மாதத்துக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். வீட்டை விற்பதோ, தாம் குடியேறுவதோ, வேறு தகுந்த வலுவான காரணமோ காட்டுதலும் வேண்டும். கேட்டாற் பற்றுச்சீட்டு இலவசமாகத் தரப்படல் வேண்டும். எந்தச் சிறு பழுதுகள் குடியிருப்பவரின் பொறுப்பு என்பதை 1987 ஆகஸ்ட் 26இன் ஆணையொன்று வரையறுத்து வைத்திருக்கின்றது. கதவுப் பிடியும் குழாயின் வளையமும் எங்களுடையன. பழமையால் இற்றுப்போன குழாயோ அவர்களுடையது.

அந்நியன் என்ற காரணத்தால் எம்மவர் அதிகம் அஞ்சுவது பிணை விடயத்தில். 'பிரெஞ்சுக்காரர் ஒருவரைப் பிணை வைக்கக் கேட்கிறார்கள்' என்று கவலையோடு எழுதுவர். பிணை நிற்பவர் பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவர் என்பதற்காகவோ, பிரான்சின் பெருநிலப்பரப்பில் வசியாதவர் என்பதற்காகவோ அவரை மறுக்கக் கூடாது என்பதே சட்டம். உறவினர் எவரும் இல்லாத இளைஞருக்காக 'விசால்' என்ற கட்டணமில்லாப் பிணைத் திட்டமும் உண்டு. உரிமையாளர் கேட்கக்கூடிய ஆவணங்கள் எவையென்று 2015 நவம்பர் 5இன் ஆணை பட்டியலிட்டிருக்கின்றது. வங்கிக் கணக்கின் வரவுசெலவுக் கூற்றும் மருத்துவக் காப்புறுதி அட்டையும் அதில் இல்லை. இவற்றையெல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி, கேட்டவர் கையில் எல்லாம் கொடுத்துவிட்டு வரும் எம்மவர் பலர்.

பேரம் என்பது விலை குறைப்பது மட்டும் என்று சிலர் எண்ணுகின்றனர். பாரிஸில் 2019 யூலை 1 முதல் வாடகைக்கு உச்சவரம்பு கட்டும் முறை நடைமுறைக்கு வந்தது. அதைத் தாண்டிக் கேட்டாற் சுட்டிக்காட்டலாம். ஆயினும் எமது அனுபவத்திற் பெரிய இழப்பு வாடகையில் ஏற்படுவதில்லை. வீட்டிற்குள் புகும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து எழுதும் வீட்டு நிலைப் பதிவிலே அது ஏற்படுகின்றது. சுவரின் ஈரக்கறை, சன்னற் சட்டத்தின் பிளவு, ஓடாத வெப்பமூட்டி, அடுப்பங்கரைத் தரையின் உடைந்த ஓடு என்று ஒவ்வொன்றையும் எழுதுவிக்க வேண்டிய வேளையில் எம்மவர் 'எல்லாம் நல்லாயிருக்கு' என்று புன்னகைத்துக் கையொப்பமிடுவர். விருந்துக்குப் போன வீட்டிற் குறை சொல்லலாகாது என்ற எமது பண்பாடு அங்கே வந்து தடுக்கின்றது. மூன்றாண்டு கழித்து அதே ஈரக்கறைக்கு அவர்களின் வைப்புப் பணத்திலிருந்து கழிக்கப்படும். பதிவுகள் இரண்டும் ஒத்திருந்தால் ஒரு மாதத்திலும், வேறுபட்டிருந்தால் இரண்டு மாதத்திலும் வைப்பு திருப்பப்பட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகையில் நூற்றுக்குப் பத்து மேலதிகமாக உரியது. இதைக் கேட்டுப் பெற்ற எம்மூரவரை நாம் இதுவரை சந்திக்கவில்லை.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. புதிதாக வந்தவனைச் சுரண்டுபவன் எப்போதும் வெள்ளைக்கார உரிமையாளன் அல்லன். பல வேளைகளில் அவன் 'அண்ணை'. சில வேளைகளில் 'மாமா'. ஓர் அண்ணை தன் பெயரில் வீட்டை வாடகைக்கு எடுப்பார். அறைக்கு நான்கு கட்டில் போடுவார். கட்டிலுக்கு இவ்வளவு என்று வாங்குவார். நால்வர் கொடுப்பதைக் கூட்டினால் முழு வீட்டு வாடகையையும் தாண்டும். பற்றுச்சீட்டு இல்லை, கடிதப் பெட்டியில் பெயர் இல்லை. ஆகவே வதிவிடச் சான்று இல்லை. அந்தச் சான்று இன்றி அலுவலகங்களில் எந்தக் காரியமும் இல்லை. 'எங்களுக்குள் காகிதம் எதற்கு, தம்பி?' என்ற அந்தப் பழைய குரல் புங்குடுதீவிலிருந்து பாரிஸ் வரை கப்பலேறிப் போயிருக்கின்றது. பிரெஞ்சுச் சட்டமோ, உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுதல் ஆகாது என்கின்றது. சம்மதம் இருந்தாலும் சதுர மீற்றர் ஒன்றுக்குத் தாம் கொடுப்பதற்கு மேல் வாங்கலாகாது என்கின்றது. எமது அண்ணைமார் இந்த இரண்டு வரிகளையும் அறியாதவர்களா? அறிவர். அவன் அறியமாட்டான் என்பதையும் அவர்கள் அறிவர். அந்த அண்ணையும் முன்னொரு காலத்தில் வேறோர் அண்ணையின் கட்டிலிற் படுத்தவர்தாம் என்பது அனுதாபத்துக்குரியது. மன்னிப்பதற்கு அது காரணமாகாது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிலைமை வேறொரு வடிவெடுக்கின்றது. புதிதாக வந்தவரிடம் கடன் வரலாறும் முன்னைய வாடகை வரலாறும் இல்லை. எனவே ஆறு மாதமோ ஓராண்டோ வாடகையை மொத்தமாக முன்கூட்டித் தருமாறு கேட்பர். எம்மவரும் சீட்டுக் கட்டியோ உறவினரிடம் மாறியோ கொடுப்பர். 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின்படி வீட்டுக்காரர் கோரக்கூடிய வைப்பு ஒன்றே ஒன்று: கடைசி மாத வாடகை. அது ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது. அதற்கு ஆண்டுதோறும் வட்டியும் உண்டு. சேதத்துக்கான வைப்பு என்று எதுவும் கேட்க முடியாது. பின்திகதியிட்ட காசோலைக் கட்டைக் கட்டாயமாகக் கோர முடியாது. வரலாறு இல்லாமையைக் குறையாகக் கொள்ளலாகாது என்பது அம்மாகாண மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கொள்கை. 2018 ஏப்பிரல் 30 முதல் பெரும்பாலான வாடகைகளுக்கு அரசின் பொதுப் படிவத்திலேயே ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். வீட்டுக்காரர் தரவில்லையாயின் எழுத்து மூலம் கேட்கலாம். 21 நாட்களுக்குள் தராவிடின் ஒரு மாத வாடகையை நிறுத்திவைக்கும் உரிமையும் உண்டு. எழுத்து ஒப்பந்தமே இல்லாது வாய்மொழியாக வாழ்பவரையும், அகதி மனு இன்னும் முடியாதவரையும் அந்தச் சட்டம் காக்கின்றது.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. எமது மக்கள் அதிற்றான் அகப்படுகின்றனர். அதே வீட்டில் வசிக்கும் உரிமையாளரோடும் அவரது நெருங்கிய குடும்பத்தோடும் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பவருக்கு அச்சட்டம் பொருந்தாது. ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு நிலவறையை எடுக்கப் போகும் இளைஞன் கேட்க வேண்டிய முதற் கேள்வி வாடகை எவ்வளவு என்பதன்று. அடுப்பு எங்கே என்பதாகும். கீழே தனி அடுப்பும் தனிக் குளியலறையும் இருந்தால் அவன் சட்டத்தின் கண்ணில் ஒரு குடியிருப்பாளன். மேல்மாடியிற் போய் அக்காவின் அடுப்பிற் சோறு வடிப்பவனாயின், அக்கா முகம் சுளித்த நாளில் அவன் வீதியில். 'தனியாக அடுப்பெதற்கு, எங்களோடையே சமையும்' என்ற உபசாரத்தை ஏற்குமுன் அதன் விலையை அவன் அறிந்திருக்க வேண்டாமா? அவ்வாறே, 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியேற்றப்பட்ட கட்டிடங்களுக்கு மாகாணத்தின் ஆண்டு வாடகை உயர்வு வரம்பு (2025இல் அது 2.5 சதவீதம்) பொருந்தாது. புத்தம் புதிய மாடிக் குடியிருப்பின் கண்ணாடிச் சன்னலைக் கண்டு மயங்குபவர் கேட்க வேண்டியது அந்தக் கட்டிடத்தின் வயது.

இங்கிலாந்தைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. 2016 பெப்ரவரி 1 முதல் அந்நாடு வீட்டுக்காரரையே எல்லைக் காவலராக்கிற்று. வாடகைக்கு வருபவரின் குடிவரவு ஆவணங்களைச் சோதியாதவருக்குத் தண்டம். தண்டத்துக்கு அஞ்சிய வீட்டுக்காரர் வெளிநாட்டுப் பெயரைக் கண்டதும் கதவைச் சாத்தினர். இதனால் இனப்பாகுபாடு விளைகிறதென்று 2019இல் உயர் நீதிமன்றம் கூறியது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றமோ பாகுபாடு விளைவதை ஒப்புக்கொண்டே திட்டத்தைச் சட்டபூர்வமானதென்றது.

முற்போக்கு நண்பர்கள் சிலர் எம்மை இடைமறிப்பர் என்பதை அறிவோம். 'வீட்டுப் பற்றாக்குறை முதலாளித்துவத்தின் விளைவு. அதன் வேரை விடுத்து வாடகைப் பத்திரத்தின் வரிகளை எண்ணிக்கொண்டிருப்பது சீர்திருத்தவாதம்' என்பர். வீட்டுப் பிரச்சினையைப் பற்றி 1872இல் எழுதிய எங்கெல்சும், தொழிலாளியைச் சிறுவீட்டுக்குச் சொந்தக்காரனாக்கிவிட்டால் எல்லாம் தீரும் என்ற மருந்தைச் சாடினார் என்பது உண்மையே. ஆயின் இந்த நண்பர்கள், இன்றுள்ள வாடகைச் சட்டங்கள் எவ்வாறு வந்தன என்பதை மறந்துவிடுகின்றனர். 1915இல் கிளாஸ்கோ நகரத்தில், ஆண்கள் போர்முனையில் இருந்தவேளை வாடகையை உயர்த்திய வீட்டுக்காரருக்கு எதிராகத் திரண்டவர்கள் மேரி பார்பரும் அவரோடு நின்ற தொழிலாளர் குடும்பப் பெண்களும். அமீனாவைப் படியேற விடாது மறித்த அந்தப் பெண்களின் வாடகை மறுப்பே அவ்வாண்டிலேயே பிரித்தானியாவின் முதல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கைக்கு அது 1942இலும், பின்னர் 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமாகவும், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டமாகவும் வந்து சேர்ந்தது. பாரிஸில் 1954 பெப்ரவரி 1ஆம் நாள், வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்ணொருத்தி வீதியிற் குளிரில் விறைத்து இறந்ததைக் கண்டு பாதிரியார் அபே பியர் வானொலியில் எழுப்பிய குரல் நாட்டை உலுக்கிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பனிக்காலத்தில் எவரையும் வீட்டிலிருந்து வெளியேற்றுதல் தடுக்கப்பட்டது. இன்று நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை எம்மூர்ப் பிள்ளையையும் அது காக்கின்றது. 2017இல் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில், திபெத்தியர் உட்படப் புதுக் குடியேறிகள் பலர் வாழும் மாடிக் கட்டிடங்களில், ஏறக்குறைய முந்நூறு குடியிருப்பாளர் மூன்று மாதம் வாடகை செலுத்த மறுத்து நின்றனர். ஈற்றில் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். தம் ஒப்பந்தத்தின் வரிகளை அறியாதவர்கள் இவ்வாறு நின்றிருக்க முடியுமா? எந்த வரிக்காகப் போராடுவதென்று தெரிந்தவனே மற்றவனின் கதவைத் தட்டுவான்.

பேரம் பேசினால் வீடு கிடைக்காது போகும் என்ற அச்சம் பொய்யன்று. ஓர் அறைக்கு நாற்பது பேர் வரிசையில் நிற்கும் நகரத்தில் ஒருவன் தனியே நிமிர்ந்து நிற்பது கடினம். இதனாலேயே ஊர்ச் சங்கங்களைக் கேட்கின்றோம். பாரிஸிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் எம்மவர் சங்கங்கள் இருக்கின்றன. இராசகோபுரத்துக்கு நிதி திரட்டுகின்றன. ஆண்டு விழா எடுக்கின்றன. வழவழப்பான தாளில் மலர் வெளியிடுகின்றன. அம்மலர்களில் வாழ்த்துச் செய்திகளுக்குப் பக்கங்கள் பல கிடைக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தின் தமிழாக்கத்துக்கு ஒரு பக்கம் கிடைத்ததை நாம் கண்டதில்லை. கும்பாபிடேகக் கணக்கைக் காசு தவறாது அச்சிடும் செயலாளர், புதிதாக வந்த தம்பி எந்தக் கட்டிலில் எந்த விலைக்குப் படுத்திருக்கின்றான் என்று விசாரித்ததுண்டா? சங்கத்தின் புரவலரே அந்தக் கட்டிலின் சொந்தக்காரராகவும் இருப்பது சில இடங்களில் மௌனத்துக்குக் காரணமாகலாம்.

ஊரை விட்டவர்களுக்கு மட்டும் உரியதன்று இது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிப் பராதீனப்படுத்தல் மட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாட்டவர் இலங்கையிற் காணி வாங்குவதைத் தடுத்து, 99 ஆண்டுவரை குத்தகைக்கு எடுக்க மட்டுமே இடமளிக்கின்றது. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கும், உரித்து வழியாக நெருங்கிய உறவினரிடமிருந்து பெறுபவருக்கும் விலக்குண்டு. மற்றவரின் கதி என்ன? புங்குடுதீவில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமையைப் பெற்று, இலங்கைக் குடியுரிமையை இழந்து, அறுபதாவது வயதில் ஊரில் வந்து ஒதுங்க விரும்பும் ஒருவர், தான் விளையாடிய ஒழுங்கையில் ஒரு வளவை வாங்க முடியாது. குத்தகைக்காரராக, அந்நியராகவே அவர் இங்கு நொத்தாரிசின் முன் உட்கார வேண்டும். அந்நியரின் பணம் ஏழை நாட்டின் நிலத்தை விழுங்காமலிருக்க ஒரு வரம்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்வரம்பு அகதியையும் ஆதிக்க முதலாளியையும் ஒரே கோலால் அளப்பதையே கண்டிக்கின்றோம். முப்பது ஆண்டு பாரிஸில் வாடகைக்கு இருந்தவர், ஊரிலும் குத்தகைக்காரராய்ச் சாவதா?

அவருக்கு வீடு கொடுக்கும் எமது ஊரவரின் நடத்தை மட்டும் என்ன வாழ்கிறது? வெளிநாட்டுக்காரர் என்றதும் வாடகை ஏறுகின்றது; பற்றுச்சீட்டுக் கேட்டால் முகம் சுருங்குகின்றது. இடமாற்றம் பெற்றுத் தீவகத்துக்கு வரும் ஆசிரியைகளுக்கு அறை கொடுப்போர், மாலை ஆறுக்குப் பின் யார் வரலாம், எவ்வளவு தண்ணீர் அள்ளலாம் என்று வாய்மொழியாக இட்ட கட்டளைகளைச் சேர்த்தால் ஒரு சட்டக்கோவையே எழுதலாம். எழுதத்தான் மாட்டார்கள்.

எமது பாடநூல்கள் மாணவருக்கு விண்ணப்பம் எழுதக் கற்பிக்கின்றன. 'தங்கள் கீழ்ப்படிவுள்ள' என்று முடிக்கக் கற்பிக்கின்றன. பணிந்து கேட்கும் வடிவத்தை அவர்கள் பத்தாண்டு பயில்கின்றனர்; இரு சமமான தரப்பினர் எதிரெதிரே அமர்ந்து எழுதும் வடிவத்தை ஒரு பாடவேளைகூடப் பயில்வதில்லை. பாடத்திட்டக் குழுவுக்கு இதை எழுதிக் காத்திருக்க எமக்குப் பொறுமையில்லை. அடுத்த தவணையில், இலக்கணப் பாடவேளை இரண்டை எடுத்து, ஒன்ராறியோவின் பொதுப் படிவத்தையும் 2015 மே 29இன் ஆணை வகுத்த பிரெஞ்சு ஒப்பந்தப் படிவத்தையும் தமிழாக்கி வகுப்பில் வைக்கவிருக்கின்றோம். எழுவாய்களை மாணவரே தேடுவர். அதற்கு உண்மையான ஒப்பந்தங்கள் தேவை. பாரிஸிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள எமது பழைய மாணவர்கள், காலம் முடிந்துபோன தம் வாடகைப் பத்திரங்களின் பிரதிகளைப் பெயரையும் விலாசத்தையும் மறைத்து அனுப்புவார்களாயின் நன்று. பத்திரமே இல்லாது கட்டிலில் இருந்தவர்கள், மாதம் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பலாம். அதையும் வகுப்பில் வாசிப்போம்.